அடுத்த கடலுக்கு அழுக்குக் கையோடா?

கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்துக்கு 1892 முதல் கப்பல்கள் வந்து போகின்றன. கப்பலில் வருவது சரக்கு மட்டுமல்ல. சரக்கில்லாத கப்பல் நிலைகுலையாமல் இருக்கத் தொட்டிகளில் நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் ஊரில் அதைக் கொட்டிவிடும். அந்த நீரில் வேற்றுக் கடலின் சிப்பிக் குஞ்சுகளும் கிருமிகளும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கின்றன. சென்னையை அடுத்த எண்ணூரில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சபிக்கும் சிப்பியின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. கப்பலில் வந்ததாகவே கருதப்படுகிறது. இறால் வாழும் ஆற்றுப் படுகையை அது கம்பளம் போல மூடிவிட்டது.

கப்பலுக்குப் பொருந்தும் இந்தக் கவலை விண்கலத்துக்கும் பொருந்தும். அது ஒருவர் மனதில் அழுத்தமாக விழுந்த இடமும் கொல்கத்தாதான்.

ஸ்புட்னிக் பறந்து ஒரு மாதம் ஆகியிருந்த 1957 நவம்பரில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய ஹால்டேனைப் பார்க்க வந்தார் அமெரிக்க மரபியல் அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க். அன்று சந்திர கிரகணம். ரஷ்யப் புரட்சியின் 40-வது ஆண்டு விழாவும்கூட. கொண்டாட்டமாக நிலவில் சோவியத் அணுகுண்டு வெடிக்குமோ என்று பேச்சு ஓடியது. குண்டு வெடிக்கவில்லை. ஆனால், வல்லரசுகளின் பந்தயத்தில் விஞ்ஞானம் நசுங்கிவிடும் என்பது லெடர்பெர்க்குக்கு உறைத்தது. பூமிக் கிருமிகளை வேற்று உலகங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று அவர் அமெரிக்க விஞ்ஞானிகளை உசுப்பினார். 1958-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அந்த எச்சரிக்கைக்கு இன்று மதிப்பு கூடியிருக்கிறது. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில், பூமியின் கடல்களைப்போல இரு மடங்கு நீர் இருக்கலாம் என்பது கணிப்பு. அங்கே உயிர் இருக்குமா? பதிலைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே, எரிபொருள் தீரும் நிலையில் இருந்த கலிலியோ விண்கலத்தை 2003-ல் வியாழனுக்குள் பாய்ச்சி அழித்தார்கள். யூரோப்பாவின் கடலில் கிருமி கலக்கும் வாய்ப்பு, ஒரு பயணத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச நெறி. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030-ல் வியாழனை அடையும். யூரோப்பாவில் இறங்காமல் 49 முறை அருகே பறந்து ஆராயும்.

இத்தனை ஜாக்கிரதை வீண் செலவு என்பவர்கள் உண்டு. எண்ணூர் சிப்பியையாவது வந்தேறி என்று அடையாளம் காட்ட முடிந்தது. யூரோப்பாவிலோ நாம் கண்டது அந்த ஊர் உயிரா, நம் ஊர்க் கிருமியா என்பதே நிரந்தர வழக்காகிவிடும். தேடலே பாழாகும். அதைவிட, கை கழுவும் செலவு மலிவு.