நெய்தவர் பெயர் எங்கே?

ஆரணிப் பட்டைப் பற்றி எழுதச் சொன்னால் சரிகை, கரை, முந்தானை என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுவோம். அதை நெய்தவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதுகிறோமா? ஒரு ஜப்பானியக் கலைஞரைப் பற்றிப் படித்தபின் எங்களுக்கு இக்கேள்வி பெரிதாகிவிட்டது.

அவர் ஹிரோஷி யோஷிதா (1876–1950). மரக்கட்டையில் செதுக்கிக் காகிதத்தில் அச்செடுக்கும் படங்களால் புகழ்பெற்றவர். 1930-ஆம் ஆண்டின் இறுதியில் தம் மகன் தோஷியுடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். தாஜ்மகால், காசிப் படித்துறை, நம் மதுரைக் கோயில் முதலியவற்றைக் கண்டு, ஊர் திரும்பி, 1931, 1932-ஆம் ஆண்டுகளில் அச்சுப் படங்களாக்கினார். கோயில் நம்முடையது, கட்டையும் காகிதமும் அவருடையவை. வெளியூர் டிசைன் வந்தால் நம் தறி கெட்டுவிடும் என்னும் பெரியவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம் என்று பணிவுடன் கூறுகிறோம்.

அவ்வேலை நமக்கு அவ்வளவு அந்நியமுமன்று. ஜப்பானியர் அச்சுக்குப் பயன்படுத்தும் கைக்காகிதம் 'கோசோ' என்னும் செடியின் பட்டையிலிருந்து வருகிறது. பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டைக்கு அது உறவுச் செடி! கட்டையில் வண்ணம் தடவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் வைத்து, மூங்கில் மடல் போர்த்திய வட்டமான தேய்ப்பானால் கையாலேயே தேய்க்கிறார்கள். யோஷிதாவின் சில படங்களுக்கு இப்படி முப்பது தடவைக்கும் மேல். மயிரிழை விலகினாலும் கோடு இரண்டாகத் தெரியும். குழித்தறியில் ஓர் இழை அறுந்தால் அப்பாவின் முகம் எப்படி மாறும் என்பதை அறிந்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்நாளில் அங்கே வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், பதிப்பாளரே முதலாளி. இங்கே முதலாளி பாவும் ஊடையும் தர, கூலிக்கு நெய்வதைப் போலத்தான். யோஷிதா 1925-இல் சொந்தப் பட்டறை வைத்தார். தம் மேற்பார்வையில் அச்சான படங்களின் ஓரத்தில், 'தாமே அச்சிட்டது' என்று பொருள்படும் முத்திரையிட்டார். அவரிடம் வேலை செய்தவர்கள் அவரளவு பெயர் பெறவில்லை என்பது வேறு விஷயம். அந்தக் குறை அங்கும் உண்டு.

பட்டு அசல் என்று சொல்ல நம் புடவைக்கும் முத்திரை உண்டு. நெய்த கை எது என்று சொல்லத்தான் ஒன்றுமில்லை. பெயர் போட்டால் கூலி உயருமா என்று வீட்டில் கேட்பார்கள். உடனே உயராது. ஆனால் கட்டுகிறவர் பெயரைக் கேட்டு மறுபடி வருவார் அல்லவா? முந்தானையின் உள்மூலையில் இரண்டு விரல் அகலம் போதும். நெய்தவர் பெயருக்குப் பக்கத்தில் தார் சுற்றியவர் பெயருக்கும் இடம் விட வேண்டும். அது பெரும்பாலும் எங்கள் அம்மாக்களின் பெயராக இருக்கும்.