3 வயதுக்கு மேலும் கூடாது, 50 வயதுக்குக் கீழும் கூடாது: பழைய லேண்ட் க்ரூஸர், டிஃபெண்டர் இறக்குமதியில் என்ன சிக்கல்?

முப்பது வருஷப் பழைய டொயோட்டா லேண்ட் க்ரூஸர். பெயின்ட் பளபளக்கிறது. நான்கு டயரும் புதுசு. ஆர்.சி புக் இருக்கிறது, பரிவாகன் தளத்தில் நம்பரைத் தட்டினால் விவரமும் வருகிறது. "பேப்பர் எல்லாம் கிளியர் சார்" என்கிறார் விற்பவர். ஒரு பழைய வண்டியை வாங்க இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால், இது போதாது என்பதைக் காட்டியது கேரளாவில் 2025 செப்டம்பர் 23-ம் தேதி சுங்கத் துறை தொடங்கிய 'ஆபரேஷன் நும்கோர்'. பூட்டான் மொழியில் நும்கோர் என்றால் வாகனம். முதல் நாளிலேயே 36 வண்டிகள் பிடிபட்டன. மலையாள சினிமா நட்சத்திரங்களின் வீடுகளில் சோதனை நடந்ததால் செய்தி பரபரப்பானது. இந்த வண்டிகள் பூட்டான் வழியாக வரி கட்டாமல் கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்கள் மூலம் வெளிமாநிலங்களில் பதிவு செய்யப்பட்டவை என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு. இதன் பின்னணியில் கோவையை மையமாகக் கொண்ட ஒரு கும்பல் இருப்பதாகவும் அது சொன்னது. அக்டோபரில் அமலாக்கத் துறையும் கேரளா, தமிழ்நாடு என 17 இடங்களில் சோதனை நடத்தியது.

குற்றச்சாட்டை விசாரணையும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும். பழைய ஜீப், டிஃபெண்டர், பஜேரோ மேல் ஆசை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. வெளிநாட்டில் இருந்து ஒரு பழைய ஆஃப்-ரோடு வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவர சட்டத்தில் வழி இருக்கிறதா?

இரண்டே கதவுகள்

பழைய வாகன இறக்குமதிக்கான விதிகளை வகுப்பது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டிஜிஎஃப்டி. சாதாரண ஆட்களுக்கு அது திறந்து வைத்திருப்பது இரண்டு கதவுகள்.

முதல் கதவு, பயன்படுத்திய கார்களுக்கானது. வண்டி தயாரான நாளில் இருந்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். கப்பலில் ஏற்றும் முன்பே தகுதிச் சான்று வாங்க வேண்டும். முக்கியமாக, இந்த வண்டிகள் மும்பை துறைமுகம் வழியாக மட்டும்தான் நாட்டுக்குள் வர முடியும்.

இரண்டாவது கதவு, விண்டேஜ் வாகனங்களுக்கானது. முன்பு 1950-க்கு முன் தயாரானவைக்கு மட்டுமே இந்த வழி இருந்தது. 2025 தொடக்கத்தில் இதைத் தளர்த்தி, முதல் பதிவில் இருந்து 50 வருஷம் கடந்த வண்டிகளைக் கொண்டுவரலாம் என்று மாற்றினார்கள். வருஷம் நகர நகர இந்த எல்லையும் கூடவே நகரும்.

நடுவில் இருக்கும் 47 வருஷம்

3 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில் இருக்கும் வண்டிகள் என்ன ஆகும்? சாதாரண வாங்குபவருக்கு வழியே கிடையாது. ஆஃப்-ரோடு பிரியர்கள் தேடும் மாடல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கின்றன.

லேண்ட் ரோவர், 'டிஃபெண்டர்' என்ற பெயரை வைத்ததே 1990-ல்தான். லேண்ட் க்ரூஸரின் புகழ்பெற்ற 80 சீரிஸ் வந்ததும் அதே சமயத்தில். அந்த முதல் வண்டிகளுக்கே 2040-ல்தான் 50 வயது ஆகும். 1995 மாடல் என்றால் 2045 வரை காத்திருக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் வந்த எஃப்.ஜே 40 லேண்ட் க்ரூஸர் மாதிரி சில வண்டிகள் மட்டும்தான் இப்போது விண்டேஜ் கதவு வழியே நுழைய முடியும்.

அப்படியே கொண்டுவந்தாலும் தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப்போக முடியாது. மத்திய அரசின் 2021 விதிகளின்படி விண்டேஜ் வண்டிக்குத் தனி நம்பர் வரிசை உண்டு. மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'விஏ' என்று வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருஷம். கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, சர்வீஸ் செய்ய என்று குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம்.

வரி எவ்வளவு?

பயன்படுத்திய கார்களுக்கு 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு அடிப்படைச் சுங்க வரி 70%, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 67.5%. மொத்தம் 137.5%. அதற்கு மேல் ஜிஎஸ்டி. பெரிய எஸ்யூவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 40%.

10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சுங்க வரியும் செஸ்ஸும் சேர்ந்து 13.75 லட்சம். ஆகக்கூடி 23.75 லட்சம். ஜிஎஸ்டி இந்த மொத்தத் தொகை மேல்தான் விழும், அது 9.5 லட்சம். கடைசியில் 33.25 லட்சம். 10 லட்சம் வண்டிக்கு 23.25 லட்சம் வரி! சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இதில் சேரவில்லை.

ஆக, வரி ஏய்ப்பு என்பது பாதிக் கதைதான். முழு வரியையும் கட்டத் தயாராக இருப்பவரும்கூட 1995 மாடலைக் கொண்டுவர முடியாது. வாங்க ஆள் இருக்கிறது, நேர்வழி இல்லை. கள்ளச் சந்தைக்கு இதைவிட வசதியான சூழல் வேறென்ன வேண்டும்?

ராணுவம், தூதரகம் பெயரில் ஏன் போலி ஆவணம்?

இந்திய ராணுவம், வெளிநாட்டுத் தூதரகங்கள், வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டதாக விசாரணை அமைப்புகள் கூறுகின்றன. ஏன் குறிப்பாக இவை?

காரணம், இவை உண்மையிலேயே இருக்கும் விதிவிலக்குகள். தூதரகங்களும் சில சர்வதேச அமைப்புகளும் சலுகையில் வண்டி இறக்குமதி செய்யலாம். பின்னர் சுங்கத் துறை அனுமதியோடு, விதிப்படி வரியைச் செலுத்தி, அவற்றை வெளியாட்களுக்கு விற்கவும் முடியும். ராணுவமும் பழைய வண்டிகளை ஏலம் விடும். 1990-களில் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடுமையான லைசென்ஸ் கட்டுப்பாடு இருந்தது. எனவே அந்தக் காலத்து லேண்ட் க்ரூஸர் ஒன்று இந்தியாவில் நேர்மையாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும். அந்தக் கதையைத்தான் போலி ஆவணம் இரவல் வாங்கிக்கொள்கிறது.

பூட்டான் ஏன்?

அங்கேயும் இடது பக்கம்தான் போக்குவரத்து, வலது பக்கம்தான் ஸ்டீயரிங். ஜப்பான் வண்டிகள் தாராளமாக ஓடுகின்றன. இந்திய எல்லையும் திறந்த எல்லை. மேற்கு வங்கத்தின் ஜெய்கானும் பூட்டானின் புன்ட்ஷோலிங்கும் ஒரு வளைவுக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம். வண்டிகளைக் கழற்றி உதிரிபாகமாகவும், கன்டெய்னரிலும், சுற்றுலா வாகனம் என்ற பெயரில் நேராக ஓட்டியும் கொண்டுவந்ததாகச் சுங்கத் துறை சொல்கிறது.

"பூட்டானோடுதான் நமக்கு வரியில்லா ஒப்பந்தம் இருக்கே?" என்று கேட்கலாம். அந்தச் சலுகை பூட்டானில் தயாரான பொருளுக்குத்தான். ஜப்பானில் தயாராகி திம்புவில் ஓடிய காருக்குப் பொருந்தாது. தவிர, பழைய கார் மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்ற விதி இருக்கும்போது, தரை எல்லை வழியாக வந்தாலே கேள்வி எழும்.

வாங்கியவர் கதி என்ன?

"நான் நாலாவது ஓனர். முழுப் பணமும் பேங்க் வழியாகக் கொடுத்தேன். நான் என்ன தப்பு செஞ்சேன்?" நியாயமான கேள்விதான். சுங்கச் சட்டம், 1962 இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

ஒன்று, ஆள் மீதான அபராதம். கடத்தல் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்கினாரா என்பது இதில் முக்கியம். இன்னொன்று, பொருளைப் பறிமுதல் செய்வது. இதில் வண்டி எப்படி நாட்டுக்குள் வந்தது என்பதுதான் கேள்வி. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்தக் கேள்வி வண்டியைத் துரத்திக்கொண்டே இருக்கும். நல்லெண்ணத்தில் வாங்கியவர் அபராதத்தில் இருந்து தப்பலாம், வண்டி தப்பும் என்று உத்தரவாதம் இல்லை.

சில வழிகள் உண்டு. விசாரணை முடியும் வரை பிணைப் பத்திரம், உத்தரவாதம் கொடுத்து வண்டியைத் தற்காலிகமாக விடுவிக்கக் கோரலாம். நும்கோர் விவகாரத்தில் முன்னணி நடிகர் ஒருவர், தன் டிஃபெண்டர் ஒரு சர்வதேச அமைப்பால் இறக்குமதி செய்யப்பட்டது என்று நம்பி வாங்கியதாகக் கூறி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தற்காலிக விடுவிப்புக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி 2025 அக்டோபரில் நீதிமன்றம் சுங்கத் துறைக்கு உத்தரவிட்டது. பறிமுதலுக்குப் பதிலாகப் பணம் கட்டி மீட்கும் வாய்ப்பும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால், இறக்குமதிக்குத் தடை உள்ள பொருள் என்றால் அந்த வாய்ப்பைத் தருவதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவு. வழக்கறிஞர் வைத்து உயர் நீதிமன்றம் வரை போக எல்லோராலும் முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 25 வயது ஆன வண்டிக்கு அந்நாட்டுப் பாதுகாப்புத் தர விதிகளில் இருந்து விலக்கு உண்டு. கனடாவில் 15 வருஷம். ஆஸ்திரேலியாவும் 25 வருஷ எல்லைக்கு மாறிவிட்டது.

எல்லையைக் குறைத்தால் மோசடி நின்றுவிடுமா? அதுவும் இல்லை. 25 வருஷ விதியை ஏமாற்ற வயதை மாற்றிக் காட்டியதாக 2014-ல் அமெரிக்க அதிகாரிகள் 40 டிஃபெண்டர்களைக் கைப்பற்றினார்கள். உரிமையாளர்கள் சட்டப்படி போராடிய பிறகு அவற்றில் பல திருப்பித் தரப்பட்டன. எல்லை எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் மோசடி இருக்கும். ஆனால், அங்கே ஒருவருக்குப் பொறுமை இருந்தால் நேர்வழி கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே 30 வருஷப் பழைய வண்டிக்கு இன்னும் 20 வருஷம் காத்திருக்க வேண்டும்.

இந்தியா கதவை இறுக்கி வைத்திருக்கவும் காரணங்கள் உண்டு. உள்நாட்டு வாகனத் தொழில், புகை மாசு, வெளிநாடுகள் கழித்துக்கட்டும் கார்கள் இங்கே வந்து குவியும் ஆபத்து. ஆனால், விண்டேஜ் வண்டிகளுக்கு இருப்பதுபோல, எண்ணிக்கையும் ஓட்டமும் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு பிரிவைக் குறைந்த வயதுக்கும் உருவாக்க முடியாதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* பில் ஆஃப் என்ட்ரி: வண்டி சுங்கம் கடந்ததற்கான அடிப்படை ஆவணம். அதன் எண், தேதி, துறைமுகத்தைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்திலோ, நேரில் எழுதிக் கேட்டோ சரிபாருங்கள். ஆர்.சி புக் இதற்கு மாற்று அல்ல.

* சேஸிஸ் நம்பர்: 17 இலக்க எண் 'ஜே' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் ஜப்பான் தயாரிப்பு, 'எஸ்ஏஎல்' என்றால் பிரிட்டன் லேண்ட் ரோவர். அப்படியானால் அது எப்போது, எப்படி உள்ளே வந்தது என்பதற்கு ஆவணம் இருந்தே ஆக வேண்டும். சட்டத்தில் பொறித்த எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள்.

* முதல் பதிவு: தயாரான வருஷம் 1995, இந்தியாவில் முதல் பதிவு 2015-க்குப் பிறகு என்றால், அந்த 20 வருஷம் வண்டி எங்கே இருந்தது? எங்கோ தொலைவில் உள்ள ஆர்.டி.ஓ-வில் பதிவாகி, உடனே என்.ஓ.சி வாங்கித் தெற்கே வந்திருந்தால் இரட்டை எச்சரிக்கை.

* ஏலக் கடிதம், தூதரகக் கடிதம்: நகலைப் பார்த்து நம்ப வேண்டாம். கொடுத்ததாகச் சொல்லப்படும் அலுவலகத்திடமே கேளுங்கள். தூதரக வண்டி என்றால் வரி செலுத்திய ரசீதும் சுங்கத் துறை அனுமதியும் வேண்டும்.

* புதுப்பிக்கும் செலவு: 20 வருஷம் கடந்த இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்ட கட்டணம் 80,000 ரூபாய்.

இவ்வளவு தலைவலி வேண்டாம், ஆனால் காட்டுப்பாதையில் பழைய வண்டி ஓட்டணும் என்பவர்களுக்கு உள்ளூரிலேயே சரக்கு இருக்கிறது. மஹிந்திராவின் பழைய ஜீப்புகள், மாருதி ஜிப்ஸி, ஜபல்பூரில் ராணுவத்துக்காகத் தயாரான ஜோங்கா. இவற்றிலும் ஏலக் கடிதத்தையும் பதிவையும் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால், இந்தியாவிலேயே தயாரான வண்டியிடம் "நீ எந்த எல்லை வழியா வந்தே?" என்று சுங்கத் துறை கேட்கப்போவதில்லை.