ஆவணி மாதத்து ரொறன்ரோ வளவு: ஊரவருக்கு ஒரு திறந்த மடல்



ரொறன்ரோ வீட்டு வளவுகளில் பூவும் பழமும் ஒருசேர நிறைந்து நிற்பது ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்ரெம்பர் முடியும் வரைதான். யாழ்ப்பாணத்து நல்லூரில் தேரும் தீர்த்தமும் நடக்கிற ஆவணியில் தொடங்கிப் புரட்டாசியில் அது ஓய்ந்துவிடும். ஊருக்கு வந்து சேரும் தோட்டப் படங்கள் பெரும்பாலும் இந்த ஆறு கிழமைக்குள் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்து வெளிநாட்டு வளவு எந்நாளும் இப்படித்தான் என்று எண்ணுவோர் பலர். மற்ற மாதங்களில் யாரும் படம் எடுப்பதில்லை என்பதே காரணம்.

யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. அங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். 43.7 பாகையில் உள்ள ரொறன்ரோவிலோ ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணித்தியாலம் நீளும். டிசெம்பரில் ஒன்பதாகச் சுருங்கும். உறைபனி மே நடுப்பகுதியளவில் நின்று ஒக்ரோபரில் திரும்பி வரும். அதனால்தான் மே 24-ஐ ஒட்டிய விக்ரோறியா நாள் விடுமுறைக்கு முன் தக்காளி, மிளகாய் நாற்றுகளை வெளியில் நடுவதில்லை என்பது இங்கே பொது வழக்கம். ஊரில் பயிர்க்காலத்தை மழையும் கிணறும் தீர்மானிக்கின்றன. இங்கே குளிரும் வெளிச்சமும். ஆண்டு முழுவதற்குமான தோட்டம் ஐந்து மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

கோடை தொடங்கும்போது பூக்கும் பியோனி ஜூனோடு ஓய்ந்துவிடுகிறது. கடைக்கோடைக்கு உரியவை வேறு: மஞ்சள் இதழும் கறுத்த நடுவும் கொண்ட ருட்பெக்கியா, ஊதா நிற எக்கினேசியா, மெக்சிகோவிலிருந்து பரவிய சினியா, கொஸ்மொஸ், டாலியா. இவற்றில் டாலியாவுக்கே பராமரிப்பு அதிகம். முதல் உறைபனி பட்டதும் செடி கருகிவிடும். கிழங்கைக் கிண்டி எடுத்து, உறையாத நிலக்கீழ் அறையில் வைத்து, அடுத்த மே மாதம் மீண்டும் நட வேண்டும். மரவள்ளி கிண்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய வேலையல்ல.

அஸ்ரரும் கோல்டன்றொட்டும் யாரும் நடாமலே வேலியோரத்தில் முளைக்கும் இந்த மண்ணின் செடிகள். ஓகஸ்ட் கடைசியில் பலருக்கு வரும் தும்மலுக்கும் கண் கடிக்கும் பளிச்சென்ற மஞ்சள் பூவோடு நிற்கும் கோல்டன்றொட்டின் மேல்தான் பழி விழுகிறது. அது அநியாயமான பழி. அதன் மகரந்தம் பாரமானது, ஒட்டும் தன்மையுள்ளது. பூச்சிகள்தான் அதைக் காவிச் செல்கின்றன. காற்றில் பறந்து மூக்கை வருத்துவது, அதே நாட்களில் கண்ணில் படாத பச்சைப் பூவோடு நிற்கும் ராக்வீட் என்ற களை.

அஸ்ரரையும் கோல்டன்றொட்டையும் நம்பி ஒரு நெடும்பயணம் நடக்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு மில்க்வீட் இலையை மட்டுமே தின்னும். மில்க்வீட் எருக்கின் உறவுச் செடி. கிள்ளினால் அதே வெண்பால், காய் வெடித்தால் அதே பஞ்சு விதை. ஊரில் எருக்கலை இலையில் முட்டையிடும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் மொனார்க்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கோடையின் நடுவில் பிறக்கும் மொனார்க் சில கிழமைகளில் முட்டையிட்டு மடிந்துவிடும். கோடை முடிவில் பிறக்கும் தலைமுறையோ முட்டையிடாமல், மத்திய மெக்சிகோவின் மலைக்காடுகளை நோக்கி 3,000 கிலோமீற்றருக்கு மேல் பறக்கிறது. போகும் வழியில் தேன் தருபவை அஸ்ரரும் கோல்டன்றொட்டும். வளவைத் துப்புரவாக்குகிறோம் என்று செப்ரெம்பரில் இவற்றை வெட்டி எறிவது நல்ல பழக்கமல்ல.

பழங்களில் முதலிடம் ராஸ்பெரிக்கு. பெரும்பாலான இனங்கள் இரண்டாம் ஆண்டுத் தண்டில் ஜூலையில் காய்த்து ஓய்வன. இலையுதிர்கால இனங்கள் அந்த ஆண்டே முளைத்த தண்டின் நுனியில் காய்த்து, ஓகஸ்ட் கடைசியிலிருந்து உறைபனி வரை பழம் தரும். மார்ச்சில் எல்லாத் தண்டையும் நிலமட்டத்துக்கு வெட்டிவிட்டால் போதும் என்பதால் சிறு வளவுக்கு இவையே தோது. பழுத்த பழம் தொட்டவுடன் வெண்ணிறக் காம்புமுனையைச் செடியிலேயே விட்டுவிட்டுக் கழன்று கையில் விழும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் அது இன்னும் பழுக்கவில்லை. பறித்த பின் இனிப்பு ஏறவும் போவதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியிலும் தாங்காது. ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் கிடைத்தால் அது நல்ல விளைச்சல். ஆனாலும் தூரப் பயணம் தாங்குவதற்காக முன்கூட்டியே பறிக்கப்பட்ட கடைப் பழம் அந்தக் கிண்ணத்துக்கு ஈடாகாது.

அந்தக் கிண்ணத்துக்குப் போட்டியும் உண்டு. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பழ ஈ 2010-இல் ஒன்ராறியோவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இதன் நெருங்கிய உறவான பழ ஈக்கள் பெரும்பாலும் அழுகிய பழத்தையே நாடும். இந்த இனத்துப் பெண் ஈயோ அரம் போன்ற முட்டையிடு குழலால் செடியில் பழுத்துக்கொண்டிருக்கும் நல்ல பழத்தையே அறுத்து உள்ளே முட்டையிடும். வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிப்பதை ஒன்ராறியோ 2009-இல் தடைசெய்ததிலிருந்து தோட்டக்காரர் கைவேலையையே கூடுதலாக நம்புகிறார்கள்: நாள்தோறும் பறிப்பது, விழுந்த பழத்தைப் பொறுக்குவது, பறித்ததை உடனே குளிரில் வைப்பது. குளவித் தொல்லையும் இதே காலத்தில்தான். கூட்டில் குஞ்சுகள் குறைந்துவிட, வேலைக்குளவிகள் இனிப்பைத் தேடிப் பழத்துக்கு வந்துவிடும்.

கொடிமுந்திரிகை இரு ஊருக்கும் பொதுவானது. யாழ்ப்பாணத்தில் கொடி தானாக உறங்காது. கவாத்துப் பண்ணித் துளிர்க்க வைத்து ஆண்டில் இரண்டு முறை குலை எடுக்கலாம். ரொறன்ரோவில் குளிர் கொடியை உறங்க வைத்துவிடும். மார்ச்சில் கவாத்து, செப்ரெம்பரில் ஒரே அறுவடை. வளவுகளில் பரவலாக உள்ள கொன்கோட் இனத்தை 1849-இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் கொன்கோட் ஊரில் எப்ரெயிம் புல் என்பவர் விதையிலிருந்து உருவாக்கினார். கறுநீலப் பழம், கடினமான தோல், நிறைய விதை. சாற்றுக்கும் ஜெலிக்கும் சிறப்பு, தின்பதற்குச் சுமார்தான்.

இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் கறிவேப்பிலைச் சட்டியும் முருங்கைச் சட்டியும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். இங்குள்ள இத்தாலியக் குடும்பங்கள் அத்திமரத்தை வளைத்து மண்ணுக்குள் புதைத்தே மாரியைக் கடத்துவதுண்டு. பழுக்காத தக்காளி உறைபனிக்கு முன் பச்சையாகவே உள்ளே வரும், மிஞ்சியது சம்பலாகும்.

ஊரிலிருந்து கோடையில் பிள்ளைகளிடம் வருவோருக்கு ஒரு வேண்டுகோள். முருங்கைத் தடி, கறிவேப்பிலைக் கன்று, ஊர் மண் எதையும் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். கனடாவுக்குள் மண் கொண்டுவரத் தடை உண்டு. செடிக்கும் தடிக்கும் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சொல்லாமல் மறைத்தால் தண்டம். ராஸ்பெரிக்கு வந்த ஈயும் கடல் கடந்து வந்ததே. பழம் பறித்துப் பார்க்க ஆசைப்படுவோர் விமானச்சீட்டை ஜூனுக்கு எடுக்காமல் ஓகஸ்ட் கடைசிக்கு எடுப்பது நல்லது.

ஊரவரில் ஒருவர்,
ரொறன்ரோ