சாக்கில் இருக்கும் முயலும் ஐம்பது ரூபாய் அபராதமும்

கோட்டக்குப்பம் தொடங்கி மரக்காணம் உப்பளம் வரை, சவுக்குத் தோப்பும் முந்திரிக் கொல்லையும் காட்டு முயலுக்குத் தோதான இடங்கள். நாட்டு நாய் வளர்க்கும் ஆர்வம் இளைஞர்களிடம் கூடியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், வலையில் பிடித்த முயலைச் சாக்கில் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டு, அதன்மேல் குட்டி நாயை ஏவுவதற்குப் பெயர் பயிற்சி அல்ல. ஓடித் தப்ப வழியில்லாத உயிரை வதைப்பது அது.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். 2021-ல் அறிவிக்கப்பட்ட கழுவெளி பறவைகள் சரணாலயத்துக்குள் நடந்தால் தண்டனை இன்னும் கடுமை.

'இது பண்ணை முயல்தானே' என்று சமாளிக்கவும் முடியாது. ஒரு விலங்கை அடைத்துவைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவது, 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். அது எந்த விலங்குக்கும் பொருந்தும். ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! இரண்டு டீக்கும் வடைக்கும் ஆகும் காசு யாரைத் தடுக்கும்? இந்தத் தொகையை மத்திய அரசு உடனே உயர்த்த வேண்டும்.

'முயல் மணிலாச் செடியைக் கடிக்கிறதே' என்பீர்கள். உண்மைதான். அதற்கு வழி வேலி. சாக்கில் அடைத்த முயலை நாயிடம் விடுவதால் ஒரு செடிகூடப் பிழைக்காது. நாய்க்கும் நல்லதில்லை. கொன்று பழகிய நாயை ஆட்டுக்கிடையிலும் கோழிக் கூண்டருகிலும் நம்பி விட முடியுமா?

நாயின் ஓட்டத்தைப் பார்க்க ஆசையா? நீளக் கயிற்றில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, மோட்டாரில் வேகமாகச் சுற்றி இழுத்து நாய்களை ஓடவிடும் போட்டிகள் வெளிநாடுகளில் நடக்கின்றன. நாய் பாய்வது ஓடும் பொருளைப் பார்த்துத்தான். அதற்கு உயிர் தேவையில்லை. முயலை விரட்டும் பந்தயம் நெடுங்காலம் நடந்த இங்கிலாந்திலேயே 2004-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது.

சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் நம் பெருமை. அந்தப் பெருமை ஒரு முயலின் அலறலில் இல்லை. உங்கள் கொல்லையில் யாராவது சாக்கோடு வந்து நின்றால், 'இங்கே வேண்டாம் தம்பி' என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். நிலம் உங்களுடையது, முதல் தடை உங்களிடமிருந்தே வரட்டும்.