அப்புறம் என்ன ஆச்சு?

ஜூன் 7 வந்துவிட்டால் என் கைப்பேசிக்குச் சீனாவிலிருந்து படங்கள் வரத் தொடங்கிவிடும். பள்ளி வாசலில் சிவப்பு சியோங்சாம் அணிந்து நிற்கும் அம்மாக்கள். கையில் சூரியகாந்திப் பூவோடு காத்திருக்கும் அப்பாக்கள். அன்றுதான் அங்கே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு தொடங்குகிறது. அதன் பெயர் காவ்காவ். முதன்முதலில் இந்தப் பெயரைக் கேட்ட என் அக்கா மகன், “காக்காவா சித்தி?” என்றான். சிரிப்புக்குரிய தேர்வு இல்லை அது. 2024ல் மட்டும் 13.42 மில்லியன் பேர் அதற்குப் பதிந்துகொண்டார்கள். நம் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆங்கிலத் தாள் ஜூன் 8, பிற்பகல் 3 மணிக்கு. ஒவ்வோர் ஆண்டும் அந்த நேரத்தில் எனக்கு ஒரு சின்ன நூடல்ஸ் கடை நினைவுக்கு வரும்.

2011ல் நான் ஊடகத் துறை மாணவி. பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிக்க, சிச்சுவான் மாநிலத்தின் செங்டூ நகருக்குப் போயிருந்தேன். விடுதிக்குப் பின்னால் இருந்த சந்தில் அந்தக் கடை. நாலே மேசை. சிச்சுவான் மிளகு போட்ட நூடல்ஸ். ஒரு வாய் சாப்பிட்டால் நாக்கு மரத்துப்போகும். கடைக்கார அம்மா என் அரைகுறைச் சீனத்தைச் சகித்துக்கொண்டவர். நான் ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசுவதை ஒருநாள் கேட்டுவிட்டு, தம் மகளை இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார்.

மேல்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு மாணவி அவள். கணிதத்தில் கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் 150க்கு 98. அந்த 98தான் வீட்டின் கவலை. ஞாயிறு பிற்பகலில் மட்டும் அவளுக்குப் பள்ளி இல்லை. அந்த நேரத்தில் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சம்பளம், வேண்டிய மட்டும் நூடல்ஸ்.

முதல் நாளே அவள் என்னை ‘ஜியே ஜியே’ என்றாள். அக்கா என்று அர்த்தம். தங்கைக்கு அவர்கள் மொழியில் ‘மெய் மெய்’. நமக்கு மெய் என்றால் உண்மை என்று சொன்னேன். அவளுக்குப் பிடித்திருந்தது. இங்கேயும் அவளை மெய்மெய் என்றே சொல்கிறேன்.

மெய்மெய் கொண்டுவந்த புத்தகத்தைத் தலையணையாக வைத்துப் படுக்கலாம். சீனா முழுக்க மாணவர்கள் அதை ‘ஐந்து-மூன்று’ என்பார்கள். ஐந்து ஆண்டுத் தேர்வுத் தாள், மூன்று ஆண்டு மாதிரித் தாள். கூடவே 3,500 சொற்கள் அடங்கிய பட்டியல். அகரவரிசைப்படி அச்சிட்ட பல சொற்பட்டியல்களில் முன்னால் வந்து நிற்கும் சொல் ‘அபேன்டன்’. கைவிடு என்று பொருள். மாணவர்கள் உற்சாகமாகத் தொடங்குவார்களாம், பத்துப் பக்கத்தில் கைவிடுவார்களாம், அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்களாம். “அதனால எங்க எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச ஆங்கிலச் சொல் அதுதான் அக்கா” என்றாள்.

அவள் பயிற்சி செய்யும் விதத்தைப் பார்த்து மிரண்டுபோனேன். சமையலறையில் முட்டை வேகவைக்கப் பயன்படுத்தும் கடிகாரத்தை முறுக்கி வைப்பாள். நான்கு பத்திகள், 35 நிமிடம். முதலில் பத்தியைப் படிக்கவே மாட்டாள். கேள்விகளைப் படிப்பாள். கேள்வியில் உள்ள பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றை வட்டமிடுவாள். பிறகு பத்தியில் இறங்கி அந்தச் சொல்லைத் தேடுவாள். கிடைத்த வரியின் கீழ் கோடு. முன் வரி, பின் வரி. விடை. அடுத்தது. செங்டூவில் குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெப்ப வசதி கிடையாது. விரல் நுனி வெட்டிய கையுறையோடு இதையெல்லாம் செய்வாள்.

“இதெல்லாம் வேண்டாம். சும்மா ரசிச்சுப் படி. விடை தானா வரும்” என்றேன். தொடக்கநிலை ஒன்றிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவள் நான். அந்தத் திமிர்.

“சரி அக்கா, ரெண்டு பேரும் செய்வோம்” என்றாள்.

நகரத்தில் தேனீ வளர்ப்பது பற்றிய பத்தி. நான்கு கேள்விகள். எனக்கு இரண்டு தப்பு. அவளுக்கு ஒன்று.

என் விடையை அவள் கேலி செய்யவில்லை. விரலை வைத்துக் கேட்டாள். “இது எந்த வரியில இருக்கு?”

எந்த வரியிலும் இல்லை. தேனீக்களால் விவசாயத்துக்கு நன்மை என்று எனக்கு வெளியிலிருந்து தெரியும். அதனால் அந்த விடையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். தவறான விடைகள் பெரும்பாலும் மூன்று வகை. உலகத்தில் உண்மை, ஆனால் பத்தியில் இல்லாதது ஒன்று. பத்தியில் ‘சிலர்’ என்று இருப்பதை ‘எல்லாரும்’ என்று ஊதிப் பெரிதாக்குவது இன்னொன்று. பத்தியில் அப்படியே இருக்கும், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாதது மூன்றாவது. “மூணாவதுதான் ரொம்ப ஆபத்து. கண்ணுக்குத் தெரிஞ்ச சொல்லா இருக்கும், கை தானாப் போயிடும்.”

இதை அவளுக்கு ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்கு இத்தனை வருடத்தில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். சில வாரம் கழித்து, விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, “இந்தப் பத்தி உனக்குப் பிடிச்சிருந்ததா?” என்று கேட்டேன். அவள் விழித்தாள். “அந்தக் கேள்வி தேர்வுல வராது.” எனக்கு எரிச்சல். “நீ படிக்கலை மெய்மெய். வேட்டையாடுற” என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். அவர்கள் வகுப்பில் ஒரு வாசகம் ஒட்டியிருக்குமாம். ஒரு மதிப்பெண் கூடினால் ஆயிரம் பேரைத் தாண்டலாம் என்று. “அக்கா, உங்க வீட்டுல ஆங்கிலம் இருந்திருக்கு. நீங்க ரசிச்சுப் படிக்கலாம். எங்க அம்மா தொடக்கப் பள்ளியோட நிறுத்தினவங்க. நான் தப்பா ஒரு வட்டம் போட்டா, அது அம்மா போட்ட எத்தனையோ கிண்ண நூடல்ஸ்.”

அன்று சாப்பிடாமலே விடுதிக்குத் திரும்பினேன். அவள் சொன்னது சரி. இன்றைக்குப் பல மாநிலங்களில் நடக்கும் தாளில் நான்கு பத்திகளுக்கு 15 கேள்விகள், ஒன்றுக்கு 2.5 மதிப்பெண். விடுபட்ட ஐந்து வாக்கியங்களைத் தரப்பட்ட ஏழிலிருந்து எடுத்துப் பத்தியில் பொருத்தும் பகுதிக்கு 12.5. ஆக 150ல் 50 இந்த வாசிப்பிலேயே போய்விடுகிறது. ரசனையைப் பற்றிப் பேச எனக்கு வசதி இருந்தது. அவளுக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி அவள் வழி. கடைசிக் கால் மணி என் வழி. என் வழி என்ன? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சத்தமாக வாசிப்பது. அவளுக்கும் அது புதிதில்லை. தினமும் காலையில் வகுப்பே சேர்ந்து கத்திக் கத்தி மனப்பாடம் செய்வார்கள். ஆனால் அது யாருக்கும் சொல்வதில்லை. “இப்ப ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி வாசி” என்றேன். யாருக்கு? கடையில் அவள் அம்மாதான் இருந்தார், மாவு பிசைந்துகொண்டு.

ஒரு வரி ஆங்கிலத்தில் வாசிப்பாள். உடனே அதைச் சிச்சுவான் பேச்சில் அம்மாவுக்குச் சொல்வாள். முதல் இரண்டு வாரமும் அம்மா வெறுமனே ‘ம்’ கொட்டினார்.

மூன்றாவது வாரம் ஒரு கதை வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். சேர்க்கப்படாமல் இருபது வருடமாகப் பையின் அடியில் கிடந்த ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறார். அதை எடுத்துக்கொண்டு அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். ஓர் இளம்பெண், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான், பத்தி முடிந்தது. கேள்வி: தபால்காரரை எந்தச் சொல் சிறப்பாக விவரிக்கிறது? விடை: பி, பொறுப்பானவர். மெய்மெய் சரியாகப் போட்டிருந்தாள்.

அம்மா மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டார். “அப்புறம் என்ன ஆச்சு?”

“முடிஞ்சிடுச்சும்மா.”

“அது எப்படி முடியும்? கடுதாசி யாருக்கு? அந்தப் பொண்ணுக்கா? இருபது வருஷத்துக்கு முன்னாடின்னா அவ பொறந்தே இருக்க மாட்டாளே.”

மெய்மெய் பத்தியை மறுபடி எடுத்தாள். இந்த முறை கடிகாரம் ஓடவில்லை. கேள்வியும் தாளில் இல்லை, அம்மாவிடம் இருந்தது. ஆனால் தேடிய விதம் அதேதான். விரலை வைத்து வரி வரியாக வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். ஏப்ரன் அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக இருந்தது என்று பாதி வரி. தேர்வுக் கேள்வி எதுவும் அந்தப் பக்கமே போகவில்லை.

“அம்மா, அது அவளோட ஏப்ரன் இல்லை. அவங்க அம்மாவோடது. கடுதாசி அம்மாவுக்கு வந்தது.”

“அப்ப அந்த அம்மா இப்ப இல்லையா?”

இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். இருக்கிறார் என்றாள் மகள், உள்ளே படுத்திருக்கலாம். இறந்துபோயிருப்பார் என்றார் அம்மா, இல்லாவிட்டால் மகள் ஏன் அந்த ஏப்ரனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள்? சிச்சுவான் பேச்சில் எனக்குப் பாதிதான் புரிந்தது. என்னை இருவருமே மறந்துவிட்டார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது.

மெய்மெய்யின் முறையை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன் என்று அன்று புரிந்தது. ‘எந்த வரியில இருக்கு?’ என்று தேடிப் பழகியதால்தான் ஏப்ரன் அவள் கண்ணில் பட்டது. ரசித்துப் படிக்கிறேன் என்ற நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். ஆனால் அம்மா கேட்டிராவிட்டால் அவளும் தாண்டித்தான் போயிருப்பாள். அந்தக் கேள்வியைக் கேட்க அவள் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் நான் சிங்கப்பூர் திரும்பினேன். ஜூன் மாதக் கடைசியில் கியூகியூவில் ஒரு செய்தி வந்தது: 118. அதில் என் பங்கு கொஞ்சம்தான். இரவு பத்து மணி வரை வகுப்பில் உட்கார்ந்தவள் அவள். ஆயிரக்கணக்கில் வட்டம் போட்டவளும் அவள்தான்.

வேடிக்கை என்னவென்றால், மெய்மெய்யின் அம்மா கேட்ட கேள்வி பின்னால் தேர்வுக்குள்ளேயே வந்துவிட்டது. 2016ல் செஜியாங் மாநிலத்தில் தொடங்கினார்கள். பாதியில் நிற்கும் ஒரு கதையைக் கொடுத்து, அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியத்தை மட்டும் தருவார்கள். மீதியை மாணவர் சுமார் 150 சொற்களில் எழுதி முடிக்க வேண்டும். 25 மதிப்பெண். இப்போது அது பல மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. அதற்கும் மாதிரி விடைகளை மனப்பாடம் செய்கிறார்கள் என்று மெய்மெய் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் இப்போது சோங்சிங் நகரில் பொறியாளர். இயந்திரங்களின் ஆங்கிலக் கையேடுகளைப் படிப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. “அக்கா, இங்க யாரும் கேள்வி குடுக்குறதில்லை. நானே கேட்டு நானே தேடணும்” என்று போன மாதம் வீசாட்டில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

அவளிடம் கற்றதை நானும் விடவில்லை. நிகழ்ச்சிக்கு முன் யாராவது ஒரு தகவலைக் கொடுத்தால், ‘இது எந்த வரியில இருக்கு?’ என்று கேட்பது என் வழக்கம். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் தொடக்கநிலை ஐந்து. தமிழ்க் கருத்தறிதல் பயிற்சி செய்துகொண்டிருந்தான். அவனும் கேள்வியைத்தான் முதலில் படிக்கிறான், சொல்லைத் தேடுகிறான், கோடு போடுகிறான். துணைப்பாட ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வழி. நான் குறுக்கிடவில்லை. செய்து முடித்தான், பத்துக்கு எட்டு. பத்தி ஒரு சிறுவன் பேருந்தில் பணப்பையைக் கண்டெடுப்பதைப் பற்றியது. ஓட்டுநரிடம் கொடுப்பதோடு முடிந்துவிட்டது.

“அப்புறம் என்னடா ஆச்சு?” என்றேன்.

“முடிஞ்சிருச்சு சித்தி.”

“அது எப்படி முடியும்? பணப்பை யாரோடது?”

அவன் தாளைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, “அந்த அங்கிள் ஃபர்ஸ்ட் ஸ்டாப்லயே இறங்கிட்டாருல்ல, அவரோடதா இருக்கும்” என்று தொடங்கினான். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நடுநடுவே சொல் கிடைக்காமல் கையை ஆட்டினான். பத்து நிமிடம் பேசினான். வீட்டில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு தமிழ் பேசி அக்கா கேட்டதே இல்லையாம்.

மதிப்பெண் வேண்டும். அதை வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, மெய்மெய் அதை எனக்குப் புரியவைத்துவிட்டாள். தாளைத் திருத்தி முடித்த பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள், போதும். ‘தமிழ் எனக்குச் சரியா வராது’, ‘ஆங்கிலம் எனக்குத் தெரியாது’ என்று பிள்ளைகளின் வீட்டுப்பாடத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் அப்பா அம்மாக்களும் கேட்கலாம். சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்டாலும் போதும். அடுப்பில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும்.