வியூஸ் எண்ணினால் நடுவர் ஆகிவிடலாமா?

போன செமஸ்டர் நம்ம குறும்படப் போட்டி ரிசல்ட் சொன்னப்போ ஆடிட்டோரியமே அதிர்ந்தது. நீங்களும் விசில் அடித்திருப்பீர்கள். மேடையில் நடுவர்களோடு உட்கார்ந்திருந்த மாணவப் பிரதிநிதி நான். ஒரு உண்மையைச் சொல்கிறேன்: முதல் பரிசு வாங்கிய படம் எனக்குப் பிடித்த படம் இல்லை.

எனக்குப் பிடித்தது, ஹாஸ்டல் மெஸ்ஸில் விடியற்காலை நாலு மணிக்கு மாவு பிசையும் அண்ணனைப் பற்றிய பதினோரு நிமிஷப் படம். ஆனால் மதிப்பெண்ணில் பாதி யூடியூப் வியூஸுக்கு. அந்தப் படம் நூறு வியூஸைக்கூடத் தாண்டவில்லை. "விதின்னா விதிதானே" என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த உறுத்தலோடு இருந்தபோதுதான் லாஸ் ஏஞ்சல்ஸ் திரைப்பட விமர்சகர்கள் சங்கத்தைப் பற்றிப் படித்தேன். 1975-ல் தொடங்கிய ஒரு ஊர்ச் சங்கம். அந்த ஊர் விமர்சகர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் கூடி ஓட்டுப் போட்டு விருது அறிவிப்பார்கள். ஹாலிவுட் இருப்பதும் அதே ஊர்தான். அதாவது, யாரைப் பகைத்துக்கொள்ளக் கூடாதோ அவர்களெல்லாம் பக்கத்துத் தெருவில்!

1985-ல் டெர்ரி கில்லியம் 'பிரேசில்' என்ற படத்தை எடுத்து முடித்திருந்தார். டைப் அடிக்கும் இயந்திரத்துக்குள் ஒரு பூச்சி விழுந்து, பெயரில் ஒரு எழுத்து மாறி, அப்பாவி ஒருவரை அரசாங்கம் பிடித்துக்கொண்டு போகும் கதை. (ஹால் டிக்கெட்டில் இனிஷியல் மாறி அலைந்தவர்களுக்கு இது நல்லாவே புரியும்.) ஐரோப்பாவில் படம் வெளியாகிவிட்டது. அமெரிக்க உரிமை வைத்திருந்த யுனிவர்சலோ நீளம் அதிகம், முடிவு சோகம் என்று படத்தை முடக்கி வைத்து, சந்தோஷமான முடிவோடு வேறொரு வடிவத்தை வெட்டிக்கொண்டிருந்தது. எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று கேட்டு 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரமே கொடுத்தார் கில்லியம். விமர்சகர்களுக்குத் தனியாகப் போட்டும் காட்டினார்.

அந்த டிசம்பரில் சங்கம் ஓட்டுப் போட்டது. சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை, மூன்றுமே 'பிரேசில்'. அமெரிக்கத் தியேட்டர்களுக்கே வராத படம் அது! அதே மாதம் யுனிவர்சல் படத்தை வெளியிட்டது, கில்லியமின் அந்த இருண்ட முடிவோடு.

"அப்புறம் பிச்சுக்கிட்டு ஓடுச்சா?" என்று கேட்பீர்கள். இல்லை. வசூலும் இல்லை, இரண்டு பரிந்துரைகள் கிடைத்தும் ஆஸ்கரும் இல்லை. அந்த வருஷச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர், அதே யுனிவர்சல் வெளியிட்ட 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா'வுக்குப் போனது. ஆனால் பெட்டிக்குள் கிடந்த படம் வெளியே வந்தது. ஒரு விருது செய்யக்கூடிய உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

2024-லும் இதே சங்கம் பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்'டைச் சிறந்த வெளிநாட்டு மொழிப் படமாகத் தேர்ந்தெடுத்தது. நம் நாடு அந்த முறை ஆஸ்கருக்கு அனுப்பியதோ 'லாபதா லேடீஸ்'.

விமர்சகர்கள் சொல்வதெல்லாம் சரியா? கிடையாது. அவர்கள் கொண்டாடும் சில படங்களில் நானே குறட்டை விட்டிருக்கிறேன். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை யூடியூபே சொல்லிவிடுகிறது. அதே எண்ணுக்கு மேடையில் இன்னொரு கோப்பை எதற்கு? ஒரே சென்சாரை இரண்டு முறை படித்துவிட்டு இரண்டு ரீடிங் என்று ரெக்கார்டில் எழுதினால் லேப் சார் சும்மா விடுவாரா?

வியூஸுக்குப் பரிசு வேண்டாம் என்று சொல்லவில்லை. 'மக்கள் விருது' என்று தனியாகவே கொடுப்போம். நடுவர் பரிசை நடுவர்கள் படம் பார்த்து முடிவு செய்யட்டும். ஏன் கொடுத்தோம் என்று பத்து வரி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். திட்டுவதென்றால் அதைப் படித்துவிட்டுத் திட்டலாம்.

அடுத்த போட்டிக்கு விதிமுறை எழுதும் கூட்டம் இந்த மாதக் கடைசியில். இந்த முறை வாயைத் திறப்பதாக இருக்கிறேன். நீங்களும் வாங்க. வருவதற்கு முன்னால் அந்த மெஸ் அண்ணன் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பதினோரு நிமிஷம்தான்.