சலிப்புக்கு லேகியம் கேட்காதீங்க!

போன மாதம் ஓர் அப்பா தன் மகனை அழைத்து வந்தார். "ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து வேலை, கை நிறையச் சம்பளம். ஆனா ஆபீஸ் போகவே பிடிக்கலைங்கிறான் டாக்டர். வல்லாரை லேகியம் ஏதாச்சும் கொடுங்க" என்றார்.

பையனுக்கு முப்பது வயது இருக்கும். சாஃப்ட்வேர் இன்ஜினீயர். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். பசி, தூக்கம் எல்லாம் சரி. "நாலு வருஷமா ஒரே வங்கி புரோகிராம் டாக்டர். ஒரு வரியை மாத்தணும், அதே சோதனையை முதல்லேர்ந்து ஓட்டணும். மத்தியானம் ஆனா கொட்டாவி நிக்க மாட்டேங்குது" என்றான்.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் 14. பசி, தூக்கம், தும்மல் வரிசையில் கொட்டாவியும் இளைப்பும் உண்டு. இவர் அதைக் காபியால் அடக்குகிறார், தினம் ஆறு காபி! எழுந்து பத்து நிமிஷம் நடந்து பார்க்கலாமே.

உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன களைப்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது கல்வத்தில் ரசமும் கந்தகமும் போட்டு அரைக்கச் சொல்வார்கள். சாமக் கணக்கு, ஒரு சாமம் மூன்று மணி நேரம். தோள்பட்டை விட்டுப் போகும். ஆனாலும் ரசம் மறைந்து, மஞ்சள் கந்தகம் கறுத்து மையாக வருவது கண்ணுக்குத் தெரியும். இந்தப் பையனின் வேலை சரியாக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. தப்பானால் மட்டும் போன் வரும். சலிப்பின் வேர் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

உலக சுகாதார நிறுவனமே 2019-ல், வேலையால் மனசு ஓய்ந்துபோவதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அப்படியானால் மாற்ற வேண்டியது வேலை நடக்கும் விதத்தை அல்லவா?

"அந்தச் சோதனையைக் கம்ப்யூட்டரே ஓட்டிக்கிற மாதிரி எழுத முடியாதா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாத தைரியத்தில்! சிரித்துவிட்டான். "எழுதலாம் டாக்டர். யாரும் கேட்கலை, நானும் செய்யலை."

முதலில் அதைச் செய்யச் சொன்னேன். வேலையை விடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம், வீட்டுக் கடன் இருக்கிறதே! சாயங்காலம் செல்போனை வைத்துவிட்டு, செடியோ சமையலோ, கையால் செய்கிற காரியம் ஒன்று. பத்தியம் அப்பாவுக்கு: "உனக்கென்னடா குறைச்சல்" என்று மூன்று மாதத்துக்குக் கேட்கக் கூடாது.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போனால் அது வெறும் சலிப்பாக இருக்காது. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்படி வருபவர்களை நானே மனநல மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறேன்.